‘நில்’ என்று வந்த அறிக்கையை எப்படி வாசிப்பது?

பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் கண் முதலில் தேடுவது ‘நில்’ (nil) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான். அது இருந்தால் தாளை நாலாக மடித்து மருந்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்பது எங்கள் கணக்கு. ‘நெகட்டிவ்’, ‘அப்சென்ட்’, ‘நொட் டிடெக்டட்’, ‘நொட் சீன்’ என்று அதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. சிறுநீர் அறிக்கையில் ஒன்று வரும், கிணற்று நீர் அறிக்கையில் இன்னொன்று வரும், டெங்குப் பரிசோதனையில் வேறொன்று வரும். எது வந்தாலும் நாங்கள் வாசிப்பது ஒரே மாதிரித்தான்: அறவே இல்லை, மருந்துக்கும் இல்லை.

இந்த வாசிப்பால் இரண்டு விதமான சறுக்கல் நேர்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கிளினிக் வரிசைகளில் நின்று பழகியவர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்கும். ‘நில்’ வந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துபவர் ஒருவர். மூன்று நாளுக்கு முன் ‘நெகட்டிவ்’ என்ற ஆய்வுகூடம் இன்றைக்கு ‘பொசிட்டிவ்’ என்கிறதே, இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஏசுபவர் மற்றவர். முதலாமவர் அறிக்கையை அளவுக்கு மிஞ்சி நம்புகிறார், இரண்டாமவர் அடியோடு ஒதுக்குகிறார். இருவருமே ‘நில்’ என்பதை உடம்பைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு தேடலின் முடிவு. எதைத் தேடினார்கள், எந்தக் கருவியால் தேடினார்கள், எவ்வளவு இடத்தில் தேடினார்கள், எப்போது தேடினார்கள் என்று தெரிந்தால்தான் அந்த முடிவுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது தெரியும்.

வலையில் ஒன்றும் படவில்லை

மட்டக்களப்பு வாவியில் ஒருவர் வீச்சுவலையை வீசி இழுக்கிறார். வலையில் சாதாழையும் சேறும்தான் வருகின்றன. கரைக்கு வந்து “ஒன்றும் இல்லை” என்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த “இல்லை” எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்?

அவருடைய வலைக்கண்ணில் பெருவிரல் தாராளமாக நுழையும். கூனி அதில் நிற்காது. நூறு கூனி உள்ளே வந்து நூறும் வெளியே போயிருக்கலாம். வலை விரிந்து விழுந்தது ஒரு சிறிய அறையளவு தண்ணீரில். வாவியோ ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அவர் வீசியது உச்சி வெயிலில். இறால் அதிகம் நடமாடுவது இரவில். சேற்றுக்குள் புதைந்திருக்கும் நண்டுக்கோ வீச்சுவலை தோதான கருவியே இல்லை.

அதே மனிதர் சின்னக் கண் வலையோடு, பல இடங்களில், இரவிலும் பகலிலும் வீசிப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்றால், சொல் பழையதுதான், எடை புதிது.

இந்த உவமையில் நினைவில் வைக்க வேண்டியவை வலைக்கண், விழுந்த இடம், வீசிய நேரம், பிடிக்க நினைத்த இனம் ஆகிய நான்கு மட்டும்தான். இனி ஒவ்வொன்றும் ஆய்வுகூடத்தில் என்ன வேடம் போட்டு வருகிறது என்று பார்ப்போம்.

சிறுநீரில் சீனி ‘நில்’, ஆனால் சீனி வருத்தம் இருக்கிறது

எந்தப் பரிசோதனைக்கும் ஒரு கீழ்மட்டம் உண்டு. தேடும் பொருள் அந்த அளவுக்குக் கீழே இருந்தால், இருப்பதே தெரியாது. இதைக் கண்டறியும் எல்லை என்கிறார்கள். அறிக்கையில் வரும் ‘நில்’ என்பதன் நேரடி அர்த்தம் “கண்டறியும் எல்லைக்குக் கீழே” என்பதுதான். பூச்சியம் என்று அது ஒருபோதும் உறுதி கூறுவதில்லை. சில ஆய்வுகூடங்கள் ‘நில்’ என்று எழுதாமல் “0.01 இலும் குறைவு” என்பதுபோல் ஒரு குறியோடு அச்சிடுகின்றன. பார்ப்பவருக்கு அது குழப்பமாகத் தெரியலாம். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான ‘நில்’.

சிறுநீரில் சீனி பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பல காலமாக இதற்குப் பயன்பட்டது பெனடிக்ட் கரைசல். சோதனைக் குழாயில் நீல நிறக் கரைசலை ஊற்றி, சில துளி சிறுநீரை விட்டு, சூடாக்குவார்கள். நீலம் நீலமாகவே நின்றால் ‘நில்’. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று மாறி, கடைசியில் செங்கல் நிறம் வந்தால் சீனி மிக அதிகம். இப்போது பெரும்பாலும் ஒரு பட்டியைத் தோய்த்து எடுத்து நிறம் பார்க்கிறார்கள். முறை மாறினாலும், ‘நில்’ என்று வந்ததும் “எனக்குச் சீனி வருத்தம் இல்லை” என்று சொல்லிக்கொண்டு எழும் பழக்கம் மாறவில்லை.

அது ஏன் தவறு என்று புரிய, சிறுநீரகம் செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கும்போது, கழிவோடு குளுக்கோஸும் சேர்ந்து வடிகிறது. உடம்பு அதை வீணாக்க விரும்பாது. வடிந்த குளுக்கோஸைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் உடனடியாக உறிஞ்சி மீண்டும் இரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இந்த உறிஞ்சலுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. பெரும்பாலானவர்களில், இரத்தச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் உறிஞ்ச முடியாத மிச்சம் சிறுநீரில் வந்து விழும். ஆனால் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்பதே நீரிழிவைத் தீர்மானிக்க வைத்தியர்கள் கையாளும் கோடு. வெறும் வயிற்றில் 150 உள்ளவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அந்த நேரத்து அவருடைய சிறுநீரோ ‘நில்’ என்றே சொல்லும். பட்டியில் பிழை இல்லை, ஆய்வுகூடத்திலும் பிழை இல்லை. வலைக்கண்ணைப் பெரிதாக வைத்திருப்பது அவருடைய சிறுநீரகமே. வயதானவர்களில் இந்த 180 என்ற மட்டம் இன்னும் மேலே போவதும் உண்டு. எந்த வயதில் நீரிழிவு கூடுதலாக வருகிறதோ அந்த வயதில்தான் சிறுநீரின் ‘நில்’ அதிகம் ஏமாற்றுகிறது.

அதே தாளில் சற்று மேலேயோ கீழேயோ ‘அல்புமின்: நில்’ என்று இருக்கும். அல்புமின் என்பது இரத்தத்தில் உள்ள ஒரு புரதம். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போது அது சிறுகச் சிறுகக் கசியும். சாதாரணப் பட்டி அந்த ஆரம்பக் கசிவைப் பிடிக்காது. ஓரளவு கசிந்த பிறகுதான் நிறம் மாறும். அதனால்தான் நீரிழிவுக்காரர்களுக்கு, அல்புமின் ‘நில்’ என்று இருந்தபோதும், ஆண்டுக்கொரு தடவை நுண்ணிய அளவு அல்புமினைத் தேடும் தனிப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கிறார்கள். “ஒருமுறை பார்த்ததை ஏன் மறுபடியும் பார்க்கச் சொல்கிறார்கள், காசு பிடுங்கவா?” என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. இரண்டாவதாகப் போடுவது வேறு கண் உள்ள வலை. பழுதை ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்தால் அதன் வேகத்தைக் குறைக்க முடியும் என்பதால் அந்தச் செலவு வீண்போவதில்லை.

சாரம் இது: ‘நில்’ என்பது எல்லைக்குக் கீழே என்று அர்த்தம். எல்லை எங்கே இருக்கிறது என்பது பரிசோதனைக்குப் பரிசோதனை மாறும். சீனி வருத்தம் இருக்கிறதா என்பதை இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் போடும் எல்லை

கடையில் விற்கும் பொதிகளில் வரும் “இல்லை” வேறு ஒரு சாதி. அங்கே எல்லையைக் கருவி போடுவதில்லை, விதி போடுகிறது. சர்வதேச உணவுத் தரநிலைகளின்படி 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேற்படாத சீனி உள்ள பண்டத்தைச் ‘சீனியற்றது’ என்று சொல்லலாம். அமெரிக்க விதியில், ஒரு பரிமாறலுக்கு 0.5 கிராமுக்குக் குறைவான ட்ரான்ஸ் கொழுப்பு இருந்தால் சுட்டியில் ‘0’ என்றே அச்சிடலாம். ஒரு பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட் என்று வைத்துக்கொண்டால், தேநீரோடு பத்து பிஸ்கட்டை முடிப்பவர் அந்தப் பூச்சியத்தை ஐந்தால் பெருக்கிக்கொண்டிருக்கிறார். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம் என்ற கணிதம் இந்தப் பூச்சியத்துக்குச் சரிவராது. ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்பது இன்னொரு சங்கதி. பழச்சாற்றில் இயற்கையாகவே உள்ள சீனியைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

கிணற்றிலிருந்து நூறு மில்லிலீற்றர்

வலை விழுந்த இடத்துக்கு வருவோம். எங்கள் கரையோரத்தில் இதற்குக் கிணற்றை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. மணல் நிலம், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில், ஒரே வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும். 2004 சுனாமியில் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு மாவட்டங்களிலும் கிணற்றுக் கட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. வெள்ளம் வடிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், குளோரின் போடப்படும், பிறகு மாதிரி எடுக்கப்படும். மாதிரி என்பது முழுவதையும் சோதிக்க முடியாததால் எடுக்கும் சிறு பங்கு.

அந்த மாதிரியில் முக்கியமாகத் தேடுவது ஈ.கோலை என்ற பக்டீரியாவை. மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது அது. கிணற்றில் அது இருந்தால், மலம் கலந்த நீர் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். இப்படி, தன்னைக் காட்டி இன்னொன்றின் வரவைச் சொல்லும் உயிரிக்குச் சுட்டி நுண்ணுயிர் என்று பெயர். பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில், 100 மில்லிலீற்றர் நீரை மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிதாளால் வடித்து, அந்தத் தாளை ஊட்டக்கலவையின் மேல் வைத்து, ஒரு நாள் சூடான பெட்டிக்குள் விடுகிறார்கள். தாளில் தங்கிய ஒவ்வோர் உயிருள்ள கிருமியும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். புள்ளிகளை எண்ணுகிறார்கள். ஒரு புள்ளியும் இல்லையென்றால் ‘நில்’. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள கிணறு, அதில் இரண்டு மீற்றர் தண்ணீர். ஏறத்தாழ 3,500 லீற்றர். எடுத்துச் சென்ற 100 மில்லிலீற்றர் அதில் 35,000 இல் ஒரு பங்கு. இந்தக் கிணற்றில் சராசரியாக 100 மில்லிலீற்றருக்கு ஒரு கிருமி இருக்கிறது என்று வைப்போம். முழுக் கிணற்றுக்கும் 35,000 கிருமிகள். எடுக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்று வர வேண்டும் என்றுதான் மனம் கணக்குப் போடும். ஆனால் கிருமிகள் வரிசையில் நிற்பதில்லை. ஒரு மாதிரியில் மூன்று விழும், இன்னொன்றில் ஒன்று விழும், அடுத்ததில் ஒன்றுமே விழாது. நிகழ்தகவுக் கணக்கு சொல்வது இது: அப்படிப்பட்ட கிணற்றிலிருந்து எடுக்கும் 100 மாதிரிகளில் ஏறத்தாழ 37 மாதிரிகள் ‘நில்’ என்றே வரும். மூன்றில் ஒன்றுக்கு மேல்! 100 மில்லிலீற்றருக்கு மூன்று கிருமி என்ற அளவில் இருந்தால்கூட, 100 மாதிரிகளில் ஐந்து வெறுமையாக வரலாம்.

இந்தக் கடைசிக் கணக்கிலிருந்து பிறந்ததே புள்ளிவிபரவியலில் மூன்றின் விதி எனப்படுவது. ஒரு தேடலில் ஒன்றும் கிடைக்காதபோது, “அந்த அளவு இடத்தில் சராசரியாக மூன்றுக்கு மேல் இருக்காது” என்று 95 வீத நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. ஒரு மாதிரி ‘நில்’ என்றால் 100 மில்லிலீற்றருக்கு மூன்றுக்குக் கீழே. பத்து மாதிரிகள் ‘நில்’ என்றால் ஒரு லீற்றருக்கு மூன்றுக்குக் கீழே. தேடிய அளவு பத்து மடங்கானால் உறுதியும் பத்து மடங்காகிறது. ஒரே ஒரு அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைப்பதைவிட, மாரியிலும் கோடையிலும் மாறி மாறிப் பார்ப்பது நல்லது என்பதற்குக் கணித ஆதாரம் இதுதான்.

மாதிரி எடுக்கும் விதத்தில் இன்னொரு குழி இருக்கிறது. ஆய்வுகூடம் தரும் போத்தலின் அடியில் சிறிது வெள்ளைத் தூளோ சில துளிகளோ கிடப்பதைக் காணலாம். பலர் அதை அழுக்கு என்று நினைத்து, நல்ல மனதோடு கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டுப் பிறகு நிரப்புவார்கள். அது சோடியம் தயோசல்பேற்று. நீரில் மிச்சமிருக்கும் குளோரினைச் செயலிழக்கச் செய்வதற்காகவே போட்டிருக்கிறார்கள். அதைக் கழுவிவிட்டால், போத்தலுக்குள்ளேயே குளோரின் தன் வேலையைத் தொடரும். ஆய்வுகூடம் போய்ச் சேர்வதற்குள் கிருமிகள் செத்துவிடும். போத்தலை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு வெயிலில் அலைந்தாலும் கிருமிகளின் எண்ணிக்கை மாறிவிடலாம். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கச் சொல்வது அதனால்தான். இருந்தும் ‘இல்லை’ என்று வரும் இத்தகைய முடிவுக்குப் போலி எதிர்மறை என்று பெயர். குளோரின் போட்ட மறுநாளே மாதிரி எடுத்துச் சந்தோஷப்படுவதும் கிட்டத்தட்ட இதே வகைதான். மலசலகூடக் குழியிலிருந்து ஊறிவரும் நீர் நின்றுவிட்டதா என்பதைச் சில வாரம் கழித்து எடுக்கும் மாதிரிதான் சொல்லும்.

சாரம்: அறிக்கை பேசுவது போத்தலில் இருந்த நீரைப் பற்றி. போத்தலிலிருந்து கிணற்றுக்குப் போக, எத்தனை மாதிரி, எப்போது, எப்படி எடுத்தது என்ற பாலம் வேண்டும்.

காய்ச்சலின் எத்தனையாவது நாள்?

நேரம் தவறினால் என்ன நடக்கும் என்பதை டெங்கு தெளிவாகக் காட்டும். என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸ் இரத்தத்தில் விடும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாட்களில் அது நிறைய இருக்கும். ஐந்தாம் நாளை ஒட்டிக் குறையத் தொடங்கும். உடம்பு வைரஸை எதிர்த்து உருவாக்கும் ஐ.ஜி.எம். என்ற பிறபொருளெதிரி தென்படத் தொடங்குவதோ அந்த நான்காம், ஐந்தாம் நாளை ஒட்டித்தான். முதலாவது ஏறக்குறைய மறைந்து, இரண்டாவது சரியாகத் தலைகாட்டாத ஓர் இடைவெளி நடுவில் வரலாம். அந்த இடைவெளியில் இரத்தம் கொடுத்தால் இரண்டுமே ‘நெகட்டிவ்’. முன்னர் ஒருமுறை டெங்கு வந்தவர்களில் நிலைமை இன்னும் சிக்கல்: பழைய பிறபொருளெதிரிகள் என்.எஸ்.1 ஐப் பற்றிக்கொண்டு மறைத்துவிடுவதால், ஆரம்பத்திலும்கூட அது தப்பிவிடலாம்.

இதில் உயிரோடு விளையாடும் பகுதி ஒன்று இருக்கிறது. டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வருகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்குவது அப்போதுதான். ஐந்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, என்.எஸ்.1 உம் ‘நெகட்டிவ்’, ஆகவே பள்ளிக்கு அனுப்பலாம் என்று ஒரு தாய் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நல்ல செய்திகள் சேர்ந்து வந்தால் யார்தான் நம்பமாட்டார்? ஆனால் வைத்தியர் அந்த ‘நெகட்டிவை’ ஓரமாக வைத்துவிட்டு, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை எப்படி இறங்குகிறது, இரத்தம் தடிக்கிறதா என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார். பிள்ளை விடாமல் வாந்தி எடுத்தாலோ, வயிற்று வலி என்று துடித்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எந்த ‘நெகட்டிவ்’ கையில் இருந்தாலும் நேரே வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

முதலில் ‘நெகட்டிவ்’, பிறகு ‘பொசிட்டிவ்’ என்று வந்ததற்காக ஆய்வுகூடத்தை ஏசியவருக்கும் பதில் இங்கேயே கிடைக்கிறது. பெரும்பாலும் இரண்டு அறிக்கைகளுமே சரியாக இருக்கும், மாறியது நாள்.

தேடாததைப் பற்றி அறிக்கை பேசாது

கிணற்று நீரில் ஈ.கோலை ‘நில்’. நல்லது. ஆனால் அந்தத் தாளில் நைத்திரேற்று என்ற வரியே இல்லாமல் இருக்கலாம். களுதாவளை போன்ற மணற்பாங்கான தோட்ட நிலங்களில், போட்ட உரத்தில் பயிர் உறிஞ்சாத பங்கு மழையோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர வழி இருக்கிறது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு; மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் முதலில் ஆபத்து. அறிக்கையில் ‘நில்’ என்று எழுதியிருப்பதற்கும், எழுதாமலே விட்டதற்கும் இடையில் கிணற்றளவு தூரம் இருக்கிறது. “தண்ணீர் ரிப்போர்ட் நல்லம்” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எதற்குப் பார்த்தார்கள் என்றுதான்.

மழைக்கும் இது பொருந்தும். வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாள் மழையைக் காலை 8.30 இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை கணக்கெடுக்கிறது. மழைமானியின் வாய் ஒரு சாணளவுதான். மட்டக்களப்பு நகரத்து மானியில் ‘நில்’ பதிவான நாளில் வாழைச்சேனையில் குடை பிடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. மழை தூறியது கண்ணுக்குத் தெரிந்தும் 0.1 மில்லிமீற்றர் தேறாவிட்டால், அதற்கென்று ‘ட்ரேஸ்’ என ஒரு தனிக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். ‘நில்’ என்பதற்கும் ‘அளக்க முடியாத அளவு கொஞ்சம்’ என்பதற்கும் தனித்தனி அடையாளம் வைத்த அந்த ஒழுங்கை மற்றத் துறைகளும் கடன் வாங்கலாம்.

பாடுபட்டுப் பெற்ற ஒரு ‘நில்’

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் எந்த ‘நில்’லையும் நம்ப முடியாதா என்று கேட்பீர்கள். நம்பலாம். மிகவும் நம்பத்தக்க ‘நில்’ ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது: மலேரியா.

மலேரியாவைத் தேடுவது, விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியால் பார்ப்பதில் தொடங்குகிறது. ஓரிரு இடத்தைப் பார்த்துவிட்டு ‘நொட் சீன்’ என்று எழுத முடியாது. இரத்தத்தைத் தடிப்பாகத் தடவிய பூச்சில், நுணுக்குக்காட்டியில் ஒரு தடவையில் தெரியும் வட்டமான காட்சிப்புலங்களில் குறைந்தது 100 ஐயாவது பார்த்த பிறகே ஒட்டுண்ணி தென்படவில்லை என்று எழுத வேண்டும் என்பது விதி. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், அடுத்தடுத்த நாட்களில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த ‘நில்’லுக்குள் வலைக்கண்ணும் இடமும் நேரமும் முன்கூட்டியே கணக்கில் எடுக்கப்பட்டிருக்கின்றன.

நாடு தழுவிய அளவில் அது நிகழ்ந்த கதை சுவையானது. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர்கள் 17 பேர்தான். கிட்டத்தட்ட ‘நில்’. மருந்து தெளிப்பு நின்றது, தேடுவதும் தளர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் இலட்சக்கணக்கானவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். அந்த 17 பொய்யான எண் இல்லை. அதைப் பார்த்துத் தேடலைத் தளர்த்தியதுதான் வினை. அடுத்த தலைமுறையில் போர் நடந்த வடக்கும் கிழக்கும் மலேரியாவின் பெரும்பாரத்தைச் சுமந்தன. நுளம்பு வலைக்குள் தூங்கியும் நடுக்கத்தோடு எழுந்தவர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

சான்று கிடைப்பதற்கு முன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். ஆனால் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது 2016 செப்டெம்பரில். இடையில் ஏன் இத்தனை காலம்? தொடர்ச்சியாகக் குறைந்தது மூன்று ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று இல்லாதிருக்க வேண்டும். அத்தோடு, ஒரு நோயாளி இருந்தால் தவறாமல் கண்டுபிடிக்கக்கூடிய ஒழுங்கு நாட்டில் இருக்கிறது என்றும் நிரூபிக்க வேண்டும். அதாவது, மீன் படவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது, வலையையும் காட்ட வேண்டும்.

அந்த ஒழுங்கின் பெறுமதி 2018 டிசெம்பரில் தெரிந்தது. அம்பாறையை ஒட்டிய மொணராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. கண்டுபிடித்தார்கள், சிகிச்சை கொடுத்தார்கள், சுற்றுவட்டாரத்தில் தேடினார்கள், அதற்கு மேல் பரவவில்லை. நாட்டின் ‘நில்’லும் கலையவில்லை.

மலேரியாவைப் பரப்பும் நுளம்பு எங்கள் குளக்கரைகளை விட்டுப் போகவில்லை. ஒட்டுண்ணிதான் போயிருக்கிறது, அது விமானத்தில் திரும்பி வரக்கூடியது. ஆபிரிக்க நாடுகளுக்கோ, இந்தியாவுக்கோ, மலேரியா உள்ள வேறு நாடுகளுக்கோ போய் வந்தவருக்கு, வந்து சில மாதம் கழித்தென்றாலும், காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குப் போனார் என்பதை வைத்தியர் கேட்பதற்கு முன் தாமாகவே சொல்லி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பார்க்கச் சொல்ல வேண்டும். மலேரியா தடை இயக்கத்தின் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.